குடல் அழற்சிக்கு ஜீன் டெஸ்ட்: யாரோட ஜீனை வச்சு நமக்கு ரிசல்ட்?

"அப்பாவுக்கு கிரோன்ஸ் இருக்கு, எனக்கும் வருமா?" ஐபிடி எனப்படும் குடல் அழற்சி நோய் உள்ள வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது. கல்யாணப் பேச்சு வரும்போது இதே கேள்வி "பரம்பரை வியாதியாமே?" என்று வேறு குரலில் வரும். அதுக்குப் பயந்தே மாத்திரையை ஒளிச்சு வச்சுச் சாப்பிடுறவங்க இருக்காங்க. இன்னொரு பக்கம், எச்சிலை வாங்கி எதிர்கால நோய்களைச் சொல்வதாக ஜீன் டெஸ்ட் கிட்கள் ஆன்லைனில் விற்பனையாகின்றன. காசு கட்டும் முன் ஒண்ணு கேட்கணும்: அந்த டெஸ்ட் எந்த ஊர் மக்களைப் பார்த்து உருவானது?

முதலில் நோயைப் பற்றி. ஐபிடி-யில் முக்கியமானவை இரண்டு: கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இரண்டிலுமே நோய் எதிர்ப்பு மண்டலம் வழி தவறி நம் குடலையே தாக்கும். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், எடை குறைவு என்று இழுத்தடிக்கும். நாம் சாதாரணமா 'அல்சர்' என்று சொல்ற வயிற்றுப்புண் வேறு, இது வேறு.

இதில் ஜீனுக்குப் பங்கு உண்டு என்று உறுதியாகக் காட்டிய முதல் பெரிய கண்டுபிடிப்பு 2001-ல் வந்தது. குடல் பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் நாட்2 என்ற ஜீனில் உள்ள மூன்று மாற்றங்கள், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கிரோன்ஸ் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2012-க்குள் ஐபிடி-யோடு தொடர்புள்ள மரபணுப் பகுதிகள் 163 ஆகின. அதற்குப் பிறகும் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனா, ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது கொஞ்சம்தான்.

ஒரே மாதிரி ஜீன்கள் கொண்ட இரட்டையர்களையே எடுத்துக்குவோம். ஒருவருக்கு கிரோன்ஸ் இருந்தால் மற்றவருக்கும் வருவது, பெரும்பாலான ஆய்வுகளில் பாதியைத் தாண்டவில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அது ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு ரிஸ்க் கூடும், உண்மைதான். ஆனா பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதே இல்லை. வரன் தேடும் வீடுகளில் இந்தப் பாதியை யாரும் பேசுறதில்லை.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் இந்திய கிரோன்ஸ் நோயாளிகளிடம் அந்த மூன்று நாட்2 மாற்றங்களைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. சீனா, ஜப்பான், கொரியாவிலும் இதே கதைதான். அப்படின்னா, நாட்2-ஐப் பார்த்து 'ரிஸ்க் குறைவு' என்று வரும் ரிப்போர்ட்டுக்கு நமக்கு என்ன அர்த்தம்? என்னைக் கேட்டால், ஒண்ணுமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கைக்குழந்தையிலேயே கடுமையாகத் தொடங்கும் அரிய வகை. ஐஎல்-10 ஏற்பி போன்ற ஒற்றை ஜீன் கோளாறே இதற்குக் காரணமாகலாம் என்று 2009-ல் தெரியவந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்தக் கோளாறு உண்டாகும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு அதிகம். அங்கே ஜீன் டெஸ்ட் அவசியம். எலும்பு மஜ்ஜை மாற்று வரை சிகிச்சையே மாறலாம்.

பெரியவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் டெஸ்ட் வேறொன்று. அது நோய் வருமா என்று சொல்லாது. மருந்து ஒத்துக்குமா என்று சொல்லும். ஐபிடி-க்குப் பரவலாகத் தரப்படும் மலிவான மாத்திரை அசாதயோப்ரின். சிலருக்கு இது வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். மேற்கில் இதற்காக டிபிஎம்டி என்ற ஜீனைப் பார்ப்பது வழக்கம். நம்மில் அந்த மாற்றம் குறைவு. 2014-ல் கொரிய ஆய்வாளர்கள் இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: என்யுடிடி15. ஐரோப்பியர்களிடம் அரிதான இந்த ஜீன் மாற்றம், இந்தியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இருக்கு. டிபிஎம்டி மட்டும் பார்த்து 'நார்மல்' என்று அனுப்பினால், இவங்க தப்பிக்க வழியில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும், இந்த மாத்திரையைத் தொடங்கும் முன் இலவசமாக எடுக்க வேண்டிய டெஸ்ட் இது. அதுவரை, மருந்துச் சீட்டில் அசாதயோப்ரின் பெயரைப் பார்த்தால் "என்யுடிடி15 பார்க்கலாமா டாக்டர்?" என்று நாமே கேட்கலாம். டெஸ்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், முதல் சில வாரங்கள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி பார்த்தே ஆகணும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் வந்தாலோ, முடி திடீரெனக் கொட்டினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிடுங்க.