எட்டடி தூரமும் ஒன்பதரை மாதமும்

2009 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தில் டர்ன்பெர்ரி மைதானம். பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டியின் நான்காம் நாள், கடைசிக் குழி. டாம் வாட்சன் என்ற அமெரிக்கர் ஏறக்குறைய எட்டடி தூரத்திலிருந்து பந்தைத் தட்டி உள்ளே போட வேண்டும். போட்டால் கோப்பை. அவருக்கு அப்போது வயது 59. பந்து உள்ளே போகவில்லை. அடுத்து நடந்த நான்கு குழி பிளே-ஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க் சுலபமாக ஜெயித்துவிட்டார்.

அந்த அளவு பெரிய போட்டி எதையும் அன்றுவரை 48 வயதைத் தாண்டிய யாரும் ஜெயித்ததில்லை. (2021-ல் ஃபில் மிக்கல்சன் 50 வயதில் ஜெயித்தார். அதுவும் 59-க்குப் பக்கத்தில்கூட வராது!) அதனால் தோற்ற வாட்சனைப் பற்றித்தான் உலகமே பேசியது. பேசியவர்கள் எல்லோரும் தவறாமல் சேர்த்துக்கொண்ட ஒரு தகவல் உண்டு. 2008 அக்டோபரில் அவருக்கு இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். "புது இடுப்போடு வந்து கலக்கிட்டார் பாருங்க!" என்றார்கள்.

இந்தப் பாராட்டு பாதிதான் சரி. அக்டோபருக்கும் ஜூலைக்கும் நடுவில் ஒன்பதரை மாதம் இருக்கிறது. அந்த ஒன்பதரை மாதத்தைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும் விஷயம். அதைச் செய்பவர் டாக்டர், நோயாளி மயக்கத்தில் இருப்பார். மீதி எல்லாம் நோயாளி விழித்திருந்து தானே செய்ய வேண்டியது. கைதட்டல் மட்டும் முழுக்க உலோகத்துக்கும் செராமிக்குக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கோல்ஃப் எல்லாம் ஒரு விளையாட்டா, பணக்காரத் தாத்தாக்கள் புல்வெளியில் காற்று வாங்குவதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. மூட்டைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். வலது கைக்காரர் ஒருவர் மட்டையை ஓங்கும்போது உடல் எடை வலது காலுக்குப் போகிறது. அடிக்க வரும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அத்தனை எடையும் இடது காலுக்கு மாறுகிறது. இடது பாதம் தரையில் ஊன்றி அப்படியே நிற்க, இடுப்பு அதன்மேல் வேகமாகச் சுழல்கிறது. ஆட்டுக்கல்லில் குழவி திரும்புவதுபோல் தொடை எலும்பின் தலை அதன் கிண்ணத்துக்குள் திரும்ப வேண்டும். வாட்சனுக்கு மாற்றியது இந்த இடது இடுப்பைத்தான்.

முழங்காலின் நிலைமை இன்னும் மோசம். அது அடிப்படையில் கதவுக் கீல் மாதிரி மடங்கி நீளும் மூட்டு. சுழலுவதற்கென்று படைக்கப்பட்டதல்ல. அமெரிக்காவில் சில நோயாளிகளுக்கு வைத்த செயற்கை முழங்காலுக்குள்ளேயே அளவுமானியைப் பொருத்தி, அவர்கள் அன்றாடம் செய்யும் வேலைகளில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று பார்த்தார்கள். கோல்ஃப் ஸ்விங்கில் முன்காலின் முழங்காலில் உடல் எடையைப்போல் சுமார் நாலரை மடங்கு பாரம் விழுந்தது. பின்காலில் மூன்று மடங்குக்குச் சற்று மேல். 70 கிலோ ஆசாமி என்றால் 300 கிலோவுக்கு மேல்! காற்று வாங்கும் விளையாட்டாம்.

இப்போது அறுவை முடிந்த முதல் சில வாரங்களைப் பாருங்கள். இடுப்பைப் பின்பக்கமாகத் திறந்து மூட்டு மாற்றியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கைகள் மூன்று. இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்காதே, கால்மேல் கால் போடாதே, காலை உள்பக்கமாகத் திருப்பாதே. சுற்றியுள்ள தசையும் திசுவும் ஆறும்வரை மூட்டு நழுவிவிடக் கூடாது என்பதற்காக இது. வேடிக்கை என்னவென்றால், குனிந்து பந்தை வைப்பதும், அடித்து முடித்த நிலையில் இடுப்பு உள்நோக்கித் திருகுவதும்தான் கோல்ஃப். ஆடத் தேவையான அத்தனையும் தடைப்பட்டியலில்!

அந்தத் தடைப்பட்டியலிலிருந்து மைதானம்வரை கூட்டிப்போவது பிசியோதெரபிதான். ஆரம்பத்தில் அது கோல்ஃப் மாதிரியே இருக்காது, சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். படுக்கையில் கிடந்தபடி கணுக்காலை மேலும் கீழும் ஆட்டு. தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடு. குதிகாலை மெத்தையில் இழுத்து முழங்காலை மடக்கு. வாக்கர் பிடித்துக் கதவுவரை போய் வா. ஒரு காலத்தில் 250 கஜம் பந்து அடித்தவர் என்றாலும் கதவுவரை போய் வருவதுதான் அன்றைய சாதனை. பிறகு புட்டத்துத் தசைகளுக்குப் பயிற்சி. வருஷக்கணக்கில் வலிக்குப் பயந்து நொண்டி நடந்தவருக்கு அந்தத் தசைகள் சோம்பிப் போயிருக்கும். புது மூட்டு வந்ததும் அவை தானாக எழுந்து உட்காராது. எழுப்ப வேண்டும், தினமும், சலிப்பாக.

எல்லாம் ஒழுங்காகப் போனால் ஆறு வாரத்தை ஒட்டி, டாக்டர் சரி என்றபின், பந்தைத் தரையோடு உருட்டும் 'பட்' மட்டும் ஆட விடுவார்கள். அடுத்து சின்ன அடிகள். மூன்று மாதத்துக்கு மேல்தான் பாதி ஸ்விங், முழு ஸ்விங் எல்லாம். நீளமான டிரைவர் மட்டை கடைசியில்தான் வரும். முழங்கால் மாற்றியவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். இடையில் ஸ்விங்கையும் திருத்துவார்கள். முன்பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டால் திருகல் குறையும். ஆணி வைத்த ஷூ பாதத்தைத் தரையோடு பூட்டிவிடும், அது வேண்டாம். அடித்து முடித்ததும் பாதத்தை ஊன்றியே வைக்காமல் உடம்போடு சேர்ந்து திரும்ப விடலாம்.

இதில் ஒரு சுவையான விஷயம். கீழே கிடக்கும் பொருளை எடுக்க பிசியோதெரபிஸ்ட்கள் ஒரு முறை சொல்லித் தருகிறார்கள். ஒரு காலில் நின்று, ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு, மற்றக் காலைப் பின்னால் நீட்டியபடி உடம்பைத் தராசு மாதிரி சாய்த்து எடுப்பது. இதற்குப் பெயரே 'கோல்ஃபர்ஸ் லிஃப்ட்'! குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுக்கும் கிழவர்களைப் பார்த்து வந்த பெயர். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காத பாட்டிகளும் இந்தப் பெயரில் பயிற்சி செய்கிறார்கள்.

பயிற்சி இருந்தால் அறுவையே தேவையில்லை என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் தப்பு. வாட்சனின் பழைய போட்டியாளர் ஜாக் நிக்லஸ் இதற்கு நல்ல உதாரணம். உடம்பு வலியைச் சமாளிக்க 1980களின் கடைசியிலிருந்து பத்து வருஷம் விடாமல் உடற்பயிற்சி சிகிச்சை எடுத்தவர். 1998 மாஸ்டர்ஸ் போட்டியில் 58 வயதில், வலிக்கும் இடுப்போடு ஆறாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த வருஷமே வலி தாங்காமல் பிரிட்டிஷ் ஓபனுக்குப் போகவில்லை. பல வருஷங்களாக எந்தப் பெரிய போட்டியையும் விடாமல் ஆடிவந்த சாதனை அத்தோடு நின்றது. 1999 ஜனவரியில் செராமிக் இடுப்பு வைத்துக்கொண்டார். தேய்ந்துபோன குருத்தெலும்பைப் பயிற்சியால் திரும்ப முளைக்க வைக்க முடியாது. ஆனால் மறுவருஷம் 60 வயதில் நான்கு பெரிய போட்டிகளிலும் களமிறங்கினாரே, அதை இடுப்பு மட்டும் தந்துவிடவில்லை.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. வாட்சன், நிக்லஸ் எல்லாம் கோடீஸ்வரர்கள். கூடவே ஆள் இருக்கும், சாதாரண மனுஷனுக்கு எப்படி? நியாயமான கேள்விதான். ஆனால் இடுப்பு மாற்றியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டிலேயே செய்தாலும் கிளினிக்குக்குப் போனவர்களுக்குச் சமமான பலன் கிடைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 'செய்தால்' என்பதுதான் அதில் முக்கியமான வார்த்தை.

ஏன் செய்ய மாட்டார்கள்? சோம்பல் மட்டும் காரணமில்லை, அது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாததுதான் பெரிய காரணம். கோல்ஃப்காரருக்குக் கணுக்காலை ஆட்டும்போதே கண்ணுக்கு முன்னால் புல்வெளி தெரிகிறது. ஆறாவது வாரம் பட், மூன்றாவது மாதம் பாதி ஸ்விங் என்று அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன. அதனால்தான் சலிப்பைத் தாங்குகிறார். நம் வீடுகளில் முழங்கால் மாற்றிய அம்மாக்களுக்கு யாராவது அப்படி ஒரு புல்வெளியைக் காட்டியிருக்கிறோமா? "பாத்ரூம் வரைக்கும் நடந்தா போதும்மா" என்கிறோம். அவரும் பாத்ரூம்வரை நடக்க வந்ததும் பயிற்சியை நிறுத்திவிடுகிறார். கொடுத்த இலக்கை அடைந்துவிட்டாரே! போதாததற்கு, எழுந்தால் "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று பாசத்தோடு திரும்ப நாற்காலியில் அமுக்கிவிடுகிறோம். லட்சக்கணக்கில் செலவழித்து வைத்த மூட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

டாக்டரிடம் முதல் நாளே "என்ன வலி?" என்பதோடு "திரும்ப என்ன செய்ய ஆசை?" என்ற கேள்வியும் எழுந்தால் நன்றாக இருக்கும். பழனி படியேறுவதாக இருக்கலாம், வாசலில் கோலம் போடுவதாக இருக்கலாம், பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போவதாக இருக்கலாம். சில ஆசைகளுக்கு டாக்டர் "முடியாது" என்றும் சொல்வார். புது முழங்காலோடு தரையில் சம்மணம் போட்டு உட்காருவது பலருக்குச் சரிவராது. சொல்லட்டும். கோல்ஃப்காரரையும் பழைய மாதிரி ஸ்விங் செய்ய அவர்கள் விடுவதில்லை, மாற்றித்தான் கொடுக்கிறார்கள்.

டர்ன்பெர்ரி தோல்வியோடு வாட்சன் மட்டையை வைத்துவிடவில்லை. 2011-ல், 61 வயதில் சீனியர் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார், அதுவும் பிளே-ஆஃபில். 2015-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓபனுக்கு விடைகொடுத்தபோது இரவு பத்து மணி ஆகப்போகிறது, இருட்டிவிட்டது. கடைசிக் குழிக்குப் போகும் வழியில் உள்ள அந்தப் பழைய கல்பாலத்தை நடந்தே கடந்தார். 2022 மாஸ்டர்ஸில் மரியாதைக்காக முதல் பந்தை அடித்துத் தொடங்கிவைத்தவர்கள் மூன்று பேர்: நிக்லஸ், கேரி பிளேயர், புதிதாகச் சேர்ந்துகொண்ட வாட்சன். அந்த மூவரில் இரண்டு பேருக்கு இடுப்பில் இருந்தது பிறவி மூட்டு இல்லை.