நம் கடலைப் பற்றிய ஆய்வு, நம்மவர் கைக்கு



கச்சத்தீவு, 1974 ஒப்பந்தம், 2017-இல் இலங்கை இழுவைமடிக்குப் போட்ட தடை என்று பாக் நீரிணையைப் பற்றி சர்வதேசக் கொள்கை ஆய்விதழ்களில் கட்டுரைகள் வருகின்றன. விவரம் சொன்னவர்கள் நம் கடற்கரைக்காரர்கள். படிக்க வழியில்லாதவர்களும் அவர்களே. ஆங்கிலம் ஒரு பூட்டு, சந்தா இன்னொரு பூட்டு. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அரசு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. தொண்டி மீனவருக்கு அல்ல.

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பிள்ளைகளே, ஆய்விதழில் தாராளமாக எழுதுங்கள். கூடவே நாலு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை, பேட்டி கொடுத்தவர் கையில் கொடுங்கள். வாடைக்கும் கச்சானுக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருந்தால், வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்குத் தெரியாது; இவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

தமிழைத் திருத்த நான் இருக்கிறேன். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.