போனை அவங்க கையிலேயே விடுங்க

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் நாலைந்து பேர் வேப்பமரத்தடியில் உட்காருவோம். குடும்ப வரலாறு எழுதக் கற்றுக்கொள்கிற கூட்டம் இது. கற்றுக்கொடுக்க வந்தவன் நான். ஆனால் போன மாதம் பாடம் படித்ததும் நான்தான்.

எழுபத்தாறு வயது மாமி ஒருவர் வந்தார். "மக்களே, எனக்க அம்மைக்க அம்மைக்க பேரு எனக்குத் தெரியாது. எல்லாரும் பாட்டின்னுதான் கூப்பிட்டோம். கண்ணடைக்கதுக்கு முன்ன அது ஒண்ணு தெரியணும்" என்றார்.

கையோடு வீட்டுப் பழைய வேதாகமத்தையும் கொண்டுவந்திருந்தார். முதல் பக்கத்தில் மங்கிய மையில் அவருடைய அம்மா பிறந்த நாள் இருந்தது: 1096 தை 14. அது கொல்லம் ஆண்டு. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேருவதற்கு முன் நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்ததே, அந்தக் கணக்கு.

மாமி போனில் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க தாங்க மாமி" என்று வாங்கி, 824-ஐக் கூட்டி, 1920 என்றேன். போதகரிடம் அனுமதி கேட்டு, அந்த ஆண்டின் ஞானஸ்நானப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தோம். இல்லை. "கிடைக்கல மாமி" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வேதாகமத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அந்த முகம் ஒரு வாரம் என்னை உறுத்தியது.

அடுத்த ஞாயிறு அவரே வந்தார். "தை மாசம் ஜனவரிதானே மக்களே? ஆவணியில பிறந்த வருசம், தை வரும்போ இங்கிலீஷ் வருசம் மாறியிருக்குமே?" என்று கேட்டார்.

மாமி சொன்னதுதான் சரி. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை 824 கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825. எனக்குத் தெரிந்த கணக்குதான், அவசரத்தில் கோட்டைவிட்டேன். நிதானமாக அவரையே கூட்டவிட்டிருந்தால் ஒரு வாரம் வீணாகியிருக்காது.

1921-ஆம் ஆண்டுப் பதிவேட்டை மாமியே புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது. குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், அதற்கு அடுத்த கட்டத்தில் தாயின் பெயர். மாமி மூன்று தடவை வாசித்தார். அந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அது அவர் வீட்டுச் சொத்து.

உங்கள் சபையிலும் யாருக்காவது இதைக் கற்றுக்கொடுக்க நினைக்கிறீர்களா? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதலில், போனைப் பிடுங்காதீர்கள். நீங்கள் செய்துகொடுத்தால் ஒரு பெயர் கிடைக்கலாம். அவர்களே செய்தால் அடுத்த பெயரைத் தேட உங்களை எதிர்பார்க்க மாட்டார்கள். அடுத்து, ஒரு நாளைக்கு ஒரே கேள்வி போதும். ஏழு தலைமுறையும் வேண்டும் என்று தொடங்குகிறவர்கள் இரண்டாம் வாரம் வருவதில்லை.

ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மயிலாடியில் சீர்திருத்தச் சபைக்கு வித்திட்ட வேதமாணிக்கத்தின் முந்தைய பெயர் மகாராசன். 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், 1745-இல் ஞானஸ்நானம் பெறும்வரை நீலகண்ட பிள்ளை. நம் வீட்டு முப்பாட்டாவுக்கும் அப்படி இருந்திருக்கலாம். பதிவேட்டில் ஒரு பெயர், நிலப் பத்திரத்தில் இன்னொரு பெயர். அந்தக் காலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும் என்பதால், மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்கு வந்தது 1806-இல். ஆகவே சீர்திருத்தச் சபைப் பதிவேடுகள் நம்மை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கூட்டிப்போகாது. அதற்கு முந்தையது பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்கிற கதைகளில்தான் இருக்கிறது. பதிவேடு அலமாரியில் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதனால் முதலில் அவர்களிடம் உட்காருங்கள்.

சேர்த்து வைக்க, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் போன்ற இலவசச் செயலிகள் இருக்கின்றன. நாற்பது பக்க நோட்டும் போதும். எதில் எழுதினாலும், உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை அவர்களைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பழைய ஏட்டில் சாதி இருக்கும், மறுமணம் இருக்கும், வீட்டார் மறைத்து வைத்த துக்கமும் இருக்கும். கண்டதையெல்லாம் கூட்டத்தில் உரக்க வாசிக்கக் கூடாது.

மாமி அன்று போகுமுன் பேனா கேட்டார். வேதாகமத்தின் முதல் பக்கத்தில், தன் அம்மாவின் பெயருக்கு மேலே, நடுங்கும் கையால் அந்தப் பெயரை எழுதினார். எழுதித் தரட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஞாயிறு அவர் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கொல்லம் ஆண்டுக் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுப்பது மாமிதான்.