நான்கு மெல்லிய இணைப்புகள் ஓர் அகன்ற இணைப்பு ஆகுமா?

எர்னெட் எனும் கல்வி, ஆய்வு வலையமைப்பு 1993-இல் செயற்கைக்கோள் வழியிலும் நிறுவனங்களை இணைத்தபோது, அதன் மைய நிலையம் பெங்களூரு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காவில் அமைந்தது. தரைவழிக் குத்தகைத் தடங்களும் விண்வழித் தடங்களும் ஒரே வலையமைப்பில் இயங்கிய காலம் அது. நொடிக்கு 9.6 கிலோபிட், 64 கிலோபிட் என்பவை அன்று பெரும் வேகங்கள். அத்தகைய தடங்களை இணையாக வைத்துச் சுமையைப் பகிர்வது எப்படி என்ற கேள்வி இன்றும் பாடத்திட்டத்தில் வெறும் கூட்டல் கணக்காகவே கற்பிக்கப்படுகிறது. அது பிழை.

நான்கு 64 கிலோபிட் தடங்களின் கூட்டுத்தொகை 256 கிலோபிட் என்பது உண்மையே. ஆனால் சிறு துளி பெருவெள்ளம் ஆவது, துளிகள் எந்த வரிசையில் வந்தாலும் வெள்ளத்துக்குக் கவலையில்லை என்பதால்தான். டிசிபி நெறிமுறைக்கு வரிசை முக்கியம். 64 கிலோபிட் தடத்தில் 1500 பைட் பொட்டலம் ஏற 187.5 மில்லிநொடி ஆகும். 40 பைட் பொட்டலத்துக்கு 5 மில்லிநொடி போதும். ரூட்டர் பொட்டலங்களைத் தடத்துக்கொன்றாக மாற்றி மாற்றி அனுப்பினால், பின்னே புறப்பட்ட சிறியது முன்னே சேர்ந்துவிடும். ஒரு தடம் விண்வழியானால், ஏறி இறங்கவே கால் நொடி கூடுதலாகும். ஒரே ஒப்புகை மும்முறை திரும்ப வந்ததும், அனுப்பும் கணினி பொட்டலம் தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்பும். தன் வேகத்தையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். எல்லாத் தடங்களும் சமமாக நிரம்பியிருப்பதாக வரைபடம் காட்டும், கோப்போ நகராது.

முகவரி, போர்ட் எண்களைக் கொண்டு ஒரு தரவோட்டம் முழுவதையும் ஒரே தடத்தில் செலுத்துவது மாற்று வழி. வரிசை கலையாது, ஆனால் ஒரு பெரிய கோப்புக்கு 64 கிலோபிட்டுக்கு மேல் கிடைக்காது. 1994-இல் வரையறுக்கப்பட்ட மல்ட்டிலிங்க் பிபிபி, பொட்டலத்தைத் துண்டாக்கி வரிசை எண்ணிட்டு மறுமுனையில் சேர்க்கிறது. இதற்கு இரு முனைகளும் இம்முறையை ஏற்றாக வேண்டும். தடங்களின் தாமதமும் ஏறத்தாழ ஒன்றாயிருத்தல் நலம். இல்லையேல் விரைந்த தடம் மெதுவான தடத்துக்காகக் காத்திருக்கும்.

ஆகவே விதி எளிது: ஒத்த தடங்களும் ஒரே நிர்வாகமும் இருப்பின் பிணைக்கலாம், மற்ற இடங்களில் ஓட்டம் வாரியாகவே பகிர வேண்டும். இரு சேவை நிறுவனங்களிடம் தனித்தனி இணைப்பு பெறும் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். அங்கே இணைப்பு மாறினால் வெளியே தெரியும் முகவரியும் மாறும். நடந்துகொண்டிருக்கும் தொடர்பு அறுந்துபோகும்.

தடங்கள் எவ்வளவு நிரம்பின என்பதைக் கொண்டு வெற்றியை அளப்பது நிர்வாகிக்கு வசதி. கோப்பு எத்தனை நொடியில் முழுமையாகச் சேர்ந்தது என்பதே மாணவருக்குத் தேவையான அளவுகோல். ஆய்வேடுகளும் தேர்வு வினாக்களும் இரண்டாவதையே கேட்கத் தொடங்க வேண்டும். சமமாகப் பங்கிடுவது வேறு, பயன்படப் பங்கிடுவது வேறு.