கைக்கேற்ற கலை

கள்ளக்குறிச்சியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மரச்சிற்பத் தொழில் வழிவழியாக நடைபெற்று வருகின்றது. இம்மரச்சிற்பத்துக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பலர் கூடி வேலை செய்யும் ஒரு சிற்பக்கூடத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். மரத்தின்மேல் உருவத்தை வரைவார் ஒருவர். உளியால் மிகையை வெட்டிக் கழிப்பார் ஒருவர். கண்ணையும் இதழையும் திருத்துவார் ஒருவர். உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவார் மற்றொருவர். நால்வர் கையும் நான்கு வேலை செய்கின்றன. அவருள் எவரும் தாம் கூடத்துக்குப் புறம்பானவர் என எண்ணுவதில்லை.

மாணவர்களே! இனி, பள்ளிகளில் நாம் பெரிதும் காணும் ஓவிய வகுப்பை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழத்தை வரைகின்றார். நாற்பது பிள்ளைகளும் அம்மாம்பழத்தையே வரைதல் வேண்டும். பலகையைக் காண இயலாத சிறுவன் என் செய்வான்? எழுதுகோலை இறுகப் பற்ற இயலாத சிறுமி என் செய்வாள்? சொல்லியதைச் சற்றுக் காலம் தாழ்த்தே உணரும் பிள்ளை என் செய்யும்? “நீ சும்மா இரு” என்று அப்பிள்ளையை ஒரு மூலையில் இருத்திவிடுதல் எளிது. அன்பினாலேயே அவ்வாறு செய்வாரும் உளர். ஆயினும், வகுப்புக்குள் இருந்துகொண்டே வகுப்புக்கு வெளியில் இருப்பது எத்துணைத் துயரம்! 2016ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிற பிள்ளைகளோடு சேர்ந்து கற்கும் உரிமையை இவர்களுக்கு உறுதி செய்கின்றது. ஒரே கூரையின்கீழ் இருத்திய அளவிலே அவ்வுரிமை நிறைவேறிவிட்டதாக யான் கருதவில்லை. குற்றம் அந்த மாம்பழத்தின் மேலதே!

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கலையாசிரியர் சிலர் வேறொரு முறையை வளர்த்தெடுத்தனர். தான் செய்ய வேண்டுவது யாது என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளும் முறை அது. அறையில் வரைதற்கு ஓரிடம், வண்ணந் தீட்டுதற்கு ஓரிடம், களிமண்ணுக்கு ஓரிடம், தாளை வெட்டி ஒட்டுதற்கு ஓரிடம் எனப் பகுத்து வைப்பர். ஆசிரியர் தொடக்கத்தில் ஐந்து பத்து நிமிடம் ஏதேனும் ஒரு நுட்பத்தைச் செய்து காட்டுவார். பின்னர்ப் பிள்ளைகள் தாம் விரும்பிய இடத்துக்குச் செல்வர்; ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் சென்று துணை நிற்பார்.

பார்வையற்ற பிள்ளை இங்கே களிமண்ணை எடுத்துக்கொள்ளலாம்; நூலைப் பசையிட்டு ஒட்டி, தான் இட்ட கோட்டை விரலால் தடவி அறியலாம். பிடி தளர்ந்த கைக்குத் தூரிகைக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கித் தரலாம். தாள் நழுவாதபடி அதனை மேசையில் ஒட்டி வைக்கலாம். பேச்சு வாராத பிள்ளைக்குக் கருவிகளின் படங்களை அட்டையில் வரைந்து வைத்தால், அது விரலால் சுட்டித் தன் விருப்பத்தை உணர்த்தும். பல பொருள் கண்டு மயங்கும் பிள்ளையின் முன் இரண்டே பொருளை வைத்தல் போதும். இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் செலவாகாது. எல்லாரும் வெவ்வேறு வேலை செய்யும் வகுப்பில், ‘யான் மட்டும் வேறு வேலை செய்கின்றேனே’ என்னும் கூச்சம் எப்பிள்ளைக்கும் தோன்றாது. இம்முறையை யான் போற்றுவதற்குத் தலையாய காரணம் இதுவே.

வங்காளத்து ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜியின் வரலாறு ஈண்டு நினைத்தற்குரியது. 1904இல் பிறந்த அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலோ மிகக் குறைவு. அவர் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் சேர்ந்தபோது, இப்பார்வையுடன் ஓவியம் கற்க இயலுமோ என ஆசிரியர் நந்தலால் போசு ஐயுற்றார். விருப்பம் இருப்பின் கற்க விடுக என்பதே இரவீந்திரநாதர் தந்த விடை. அம்மாணவர் பிற்காலத்தில் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வைப் பெருஞ்சித்திரமாகத் தீட்டினார். ஐம்பது வயதைக் கடந்தபின் அவர் பார்வையை முற்றும் இழந்தார். அப்பொழுதும் கை ஓயவில்லை. வண்ணத்தாளை வெட்டி ஒட்டி உருவங்கள் படைத்தார். 1972இல் கலாபவனத்தில் ஓட்டுச் சில்லுகளால் ஒரு சுவரோவியம் அமைத்தார். தூரிகை ஒன்றே ஓவியம் எனக் கொண்டிருந்தால் இப்பிற்காலப் படைப்புகளை நாம் பெற்றிருப்போமா?

“விருப்பம்போல் விட்டால் பிள்ளைகள் ஒழுங்கு கற்கமாட்டார்கள்” என்பர் சிலர். வாழ்நாளெல்லாம் இலக்கண விதி கற்பித்த யானா விதியைப் பழிப்பேன்? களிமண்ணைத் தேர்ந்தவன் மண்ணின் விதிக்கு அடங்கியே ஆதல் வேண்டும். நீர் மிகுந்தால் உருவம் சரியும், குறைந்தால் வெடிக்கும். அன்றியும், மாணவன் கொள்ளும் வகையை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பது மேனாட்டார் புதிதாகக் கண்டது அன்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் ஆசிரியர்க்குக் கூறிய நெறியே அது.

கல்வராயன் மலைமேல் உள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் கடைவண்ணம் எளிதிற் கிடைக்காது. ஆனால், அம்மலையில் கடுக்காய் உண்டு. அன்னபேதியோடு சேர்த்தால் அது கருமை தரும். மஞ்சள், அடுப்புக்கரி, செம்மண் ஆகியவற்றுக்கும் குறைவில்லை. மூங்கிலும் விதைகளும் உள்ளன. கிடைத்தற்கு அரியது நேரமே. தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கடன் கொடுத்துவிடுகின்றனர். அக்கடன் ஒருநாளும் திரும்பி வருவதில்லை! 2012இல் ஓவியம், உடற்கல்வி முதலியன கற்பிக்க அரசுப் பள்ளிகளில் 16,000க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர் அமர்த்தப்பெற்றனர். அவர்கள் வரும் அரைநாள்களையேனும் பிறர் கவர்ந்துகொள்ளாதிருத்தல் நன்று.

உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் வகுப்புத் தோழன் மெல்லச் செய்கின்றான் எனக் கண்டு, அவன் கையைப் பிடித்து நீங்களே வரைந்து முடித்துவிடாதீர்கள். அவன் பிசையும் மண்ணில் நீர் வற்றியிருந்தால், கேட்டுக்கொண்டு ஒரு கை நீர் தெளித்துக் கொடுங்கள். பின்னர் உங்கள் இடத்துக்குச் சென்று உங்கள் வேலையைப் பாருங்கள்.