சீறாத கசிவு

டைவர்ட்டர் வால்வுக்கும் டர்போ உடலுக்கும் நடுவில் வைத்து, பூஸ்ட் காற்றைச் சீறலோடு வெளியே விடும் அலுமினிய வளையம் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இதை மட்டும் மாட்டிக் குடுங்க" என்று பட்டறை வாசலில் நிற்கும் பையன்கள் பெருகிவிட்டார்கள். மாட்டலாமா, கூடாதா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். கூடாது என்பதே இந்த இதழின் நிலை.

அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டிக்காரர் மட்டுமல்ல, மாட்டிய பட்டறையும் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அது எல்லாருக்கும் தெரிந்ததே. வேலை தெரிந்தவனுக்கு அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. ஹோண்டா சிவிக் 1.5 டர்போ, காற்றை வடிகட்டிப் பெட்டியை ஒட்டியே அளந்துவிடுகிறது. அளந்த காற்றை வெளியே ஊதிவிட்டால் கணினி அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுக்கும். மிதியை விட்ட கணத்தில் வண்டி திணறும். ஐடிலில் வால்வு சரியாக மூடாமல் போனால், அளக்காத காற்று உள்ளே வரும். எரிபொருள் டிரிம் பிளஸ்ஸில் ஏறும். 1.4 டிஎஸ்ஐ மாதிரி மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் எஞ்சின்களில் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். இல்லைதான். ஆனால் ஒரே ஓ-ரிங் இருந்த இடத்தில் இரண்டு வந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்துப் பூஸ்ட் குறைவு என்று அதே வண்டி நம்மிடம்தான் வரும்.

படபடப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிதியை விட்டதும் வரும் 'தத்தத்த' ஒலி பெரும்பாலும் வால்வு திறக்காததால் காற்று கம்ப்ரஸர் வழியே பின்வாங்குவது. ஸ்பிரிங் கடினமா, வேக்குவம் குழாய் மடங்கியிருக்கிறதா, யாராவது மெல்லிய குழாயாக மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் டர்போவை இறக்காதீர்கள்.

நம்மை உண்மையில் ஏமாற்றுவது சீறாத கசிவு. உள்ளுக்குள்ளேயே சுற்றிவிடும் வால்வு கசிந்தால் காற்று வெளியே போவதில்லை. அழுத்தப் பக்கத்திலிருந்து உறிஞ்சும் பக்கத்துக்குப் போகிறது. ஸ்மோக் டெஸ்டில் புகை வராது. டிரிம் அசையாது, ஏனென்றால் அளந்த காற்று எங்கும் போகவில்லை. வால்வு டர்போ உடலிலேயே உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் திரும்பும் வழி கம்ப்ரஸர் வாய்க்குள் முடிகிறது. அந்த வாயை அடைத்து 15 பிஎஸ்ஐ கொடுத்தால் வால்வின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். கிழிந்த டயஃப்ரமும் 'பாஸ்' ஆகிவிடும். ஸ்கேனரில் சொலினாய்டை இயக்கிப் பார்த்தால் 'கிளிக்' கேட்கும். சொலினாய்டு உயிரோடு இருக்கிறது, அதற்கு மேல் அந்த ஒலிக்கு அர்த்தமில்லை. கழற்றி, டயஃப்ரத்தின் மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தி விரித்தால்தான் கிழிசல் வாயைத் திறக்கும். அழுத்தாமல் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும்.

கழற்றுவதற்கு முன் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டியவை எண்கள். கேட்ட பூஸ்டுக்கும் கிடைத்த பூஸ்டுக்கும் உள்ள இடைவெளி, வேஸ்ட்கேட் டியூட்டி வழக்கத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது, இந்த இரண்டும் வேண்டும். காமன்வெல்த் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டும் வண்டியில் பூஸ்ட் குறைவுக் குறியீடான பி0299 வராமலே மாதங்கள் போகும். ஏஒய்இ-க்கு ஏறும் துணைச்சாலையில் மூன்றாம் கியரில் முழு மிதி கொடுத்துப் பதிவு எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். சரி, வழக்கம் என்பது எவ்வளவு? அந்த எஞ்சினுக்கு, அந்த மென்பொருளுக்கு, அந்த ஆர்பிஎம்முக்கு டியூட்டி எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும்? அது தயாரிப்பாளரின் பூட்டிய கணினிக்குள் இருக்கிறது. வோக்ஸ்வேகன் 2.0 டர்போவில் டயஃப்ரத்துக்குப் பதிலாகப் பிஸ்டன் வைத்த 'டி' வகை வால்வு வந்த சேதியே நம்மில் பலருக்கு வாய்வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

2017 டிசம்பரில் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதால், வெளிப் பட்டறைக்குப் போனால் உத்தரவாதம் போய்விடும் என்ற நிபந்தனையைப் பெரிய விற்பனையாளர்கள் நீக்கினார்கள். அன்று மகிழ்ந்தோம். ஆனால் வெளிப் பட்டறை செய்த வேலையால் வந்த பழுது என்றால் உத்தரவாதத்தை மறுக்கும் உரிமை அவர்களிடமே இருக்கிறது. வேலையால் வந்ததா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது? மறுபடியும் எண்களை வைத்துத்தான். குவீன்ஸ்டவுனில் அலெக்சாண்ட்ரா சாலையோரம் வரிசையாக நிற்கும் காட்சியறைகளுக்குப் பின்னால் அந்த எண்கள் இருக்கின்றன. கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் பட்டறையில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை எண்ணெய் மட்டுமே மாற்றிய காருக்கு, டைவர்ட்டர் வால்வு உத்தரவாதம் மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் காட்டிய பதிவை அந்த மெக்கானிக்கால் படித்துச் சரிபார்க்க முடியவில்லை. ஒப்பிட அவரிடம் ஒன்றுமில்லை.

2017 செப்டம்பரில் புதிய பெட்ரோல் கார்களுக்கு யூரோ 6 வரம்பைக் கொண்டுவந்தோம். அந்த வரம்பு பிறந்த ஐரோப்பிய ஒழுங்குமுறை 715/2007-இலேயே, பழுதுபார்ப்புத் தகவலைச் சுயேச்சைப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஓர் அத்தியாயம் அப்போது இருந்தது. புகைக்கான எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை அங்கேயே விட்டுவிட்டோம். ஆஸ்திரேலியா 2022 ஜூலையில் இதற்கென்றே தனிச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நமக்கு ஏன் முடியாது என்று இந்தப் பக்கத்தில் பலமுறை கேட்டாகிவிட்டது.

பரிசோதனை நிலையமும் நமக்குத் துணையில்லை. டீசல் வண்டியை உருளைமேல் ஏற்றிச் சுமை கொடுத்துப் புகை பார்க்கும் ஊர் இது. பெட்ரோல் டர்போவை மட்டும் சுமையில்லாமல் நின்ற நிலையில் அளந்து அனுப்பிவிடுகிறார்கள். பூஸ்டே எழாத சோதனையில் பூஸ்ட் கசிவு எப்படித் தெரியும்? சத்தம் போடும் வண்டியைச் சாலையோரம் நிறுத்த அதிகாரிகளுக்கு நேரம் இருக்கிறது. சத்தமே இல்லாமல் டர்போவை அளவுக்கு மீறிச் சுழலவைத்து, ஆயில் சீலைத் தேய்த்து, பெட்ரோலை வீணாக்கும் வண்டி முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போகிறது.

இன்னும் கொஞ்ச காலம்தானே, பிறகு எல்லாம் மின்சாரம் என்று சொல்லிப் பார்ப்பார்கள். 2030 முதல் புதிதாகப் பதியும் கார்கள் தூய்மையான எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்பது சரி. அந்த வகைக்குள் ஹைபிரிட்டும் அடங்கும், ஹைபிரிட்டிலும் டர்போ இருக்கும். 2029 கடைசியில் பதிவாகும் பெட்ரோல் டர்போவுக்கு 2039 வரை சிஓஇ இருக்கிறது.

போட்டித்தன்மை ஆணையத்துக்கு இந்த இதழ் மறுபடியும் எழுதப் போகிறது. இம்முறை வெறும் கோரிக்கையோடு போக விரும்பவில்லை. பி0299 என்று வந்த வண்டிகளில், தகவல் கிடைக்காததால் வால்வையும் டர்போவையும் மாற்றி மாற்றிப் பார்த்த வேலைகளின் ஜாப் கார்டுகளை அனுப்புங்கள். வாடிக்கையாளர் பெயரையும் வண்டி எண்ணையும் அடித்துவிடுங்கள். மணிக்கணக்கையும், கடைசியில் அந்தச் செலவை யார் தலையில் கட்டினோம் என்பதையும் அடிக்காமல் விடுங்கள்.