இறந்தவர்மேல் நடக்கும் வழக்கு

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் கட்டளைக்குள்ள தலைப்பைக் கேட்டால் சட்டம் பயிலாத நண்பர்களுக்குச் சிரிப்பு வரும். கட்சிக்காரர்களின் மரணம், திருமணம், நொடிப்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது அது. மூன்றையும் ஒரு வரிசையில் நிறுத்தியவர் அனுபவசாலியாகத்தான் இருந்திருக்க வேண்டும்! ஆனால் திருமணத்தைப் பற்றி அதற்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை. வழக்கின் நடுவே ஒரு பெண் மணம் செய்துகொண்டால் அதனால் வழக்கு கெடாது என்று 7-ஆம் விதி எடுத்த எடுப்பிலேயே கூறிவிடுகிறது. தொல்லையெல்லாம் மரணத்தில்தான்.

மானநஷ்ட வழக்குப் போட்டவர் இறந்தால் வழக்கும் அவரோடு போய்விடும். அது அவரது மானம். பிள்ளைக்கு அது பிதிரார்ஜிதமாக வராது. நிலம், வீடு, கடன் ஆகியவை அப்படியல்ல. உரிமை வாரிசுக்கு இறங்குகிறது. ஆதலால் வழக்கும் இறங்க வேண்டும். இறந்தவரின் பெயரை நீக்கி வாரிசுகளின் பெயரைச் சேர்த்தால் வழக்கு மேலே நடக்கும். இவ்வளவும் நியாயமே. செத்தவர்மேல் தீர்ப்புச் சொல்வது செல்லாது என்பதும், வாரிசின் வாயைக் கேட்காமல் அவன் சொத்தைப் பிடுங்கலாகாது என்பதும் யாருக்கும் தெரிந்தவை.

நியாயம் தவறுவது கெடுவில்தான். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, இறந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப்போட வேண்டும். போடாவிட்டால் இறந்தவரைப் பொறுத்தமட்டில் வழக்கு தானாகவே அற்றுப்போகும். அதற்கு நீதிபதி ஓர் உத்தரவுகூடப் போட வேண்டியதில்லை. அற்றுப்போனதை நீக்கக் கேட்பதற்கு மேலும் 60 நாட்கள் உண்டு. அதுவும் கடந்தால், தாமதத்தை மன்னிக்கும்படி கையேந்தி நிற்க வேண்டும்.

ஒரு கிராமத்துப் பாகப்பிரிவினை வழக்கை எண்ணிப் பாருங்கள். பிரதிவாதிகள் ஐந்து பேர். நான்காவது பிரதிவாதி பம்பாய்க்குப் போய்ப் பதினைந்து ஆண்டுகள். பேச்சுவார்த்தை முறிந்துதானே வழக்கே வந்தது? அவர் அங்கே காலமானால் வாதிக்குச் சாவுச் செய்தி எப்படி வரும்? வாய்தாவின்மேல் வாய்தாவாக ஓராண்டு ஓடுகிறது. பிறகு ஒரு நாள் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ‘எங்கள் நான்காவது பிரதிவாதி சென்ற ஆண்டே இறந்துவிட்டார்; பங்காளி ஒருவர் இல்லாமல் பாகம் பிரிக்க முடியாது; ஆகவே வழக்கு முழுவதும் நிற்காது’ என்கிறார். தெரிந்தவர் பேசாதிருந்தார், தெரியாதவருக்குத் தண்டனை. இதற்குப் பெயர் நீதி நடைமுறையா?

இந்தக் கண்ணியில் ஏழை வாதி மட்டும் விழுவதில்லை, அரசாங்கமே விழுந்திருக்கிறது. பஞ்சாபில் இருவருக்குச் சேர்த்து அளிக்கப்பட்ட நில இழப்பீட்டை எதிர்த்து மாநில அரசு மேல்முறையீடு செய்தது. இருவரில் லாபு ராம் என்பவர் இடையில் இறந்தார். அவருடைய வாரிசுகள் உரிய காலத்தில் சேர்க்கப்படவில்லை. உயிரோடிருந்த நத்து ராம்மீதும் மேல்முறையீடு நிற்காது என்று சுப்ரீம் கோர்ட் முடித்தது. ஒரே விஷயத்தில் முரண்பட்ட இரண்டு தீர்ப்புகள் இருக்க முடியாதென்பது காரணம். 1962-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த அத்தீர்ப்பை வக்கீல்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். இத்தனை குமாஸ்தாக்களை வைத்திருக்கும் சர்க்காருக்கே இந்தக் கதி!

மரணத்துக்கு இவ்வளவு கடுமை காட்டும் அதே கட்டளை, சொத்து கைமாறும்போது எவ்வளவு தாராளமாக இருக்கிறது பாருங்கள். வழக்கின் நடுவே நிலத்தை விற்றாலும், ஒரு நிறுவனம் மற்றொன்றில் சேர்ந்தாலும் 10-ஆம் விதி வருகிறது. அங்கே 90 நாள் கெடு இல்லை, அற்றுப்போவதும் இல்லை. பீகாரில் ஒரு கல்லூரியின்மேல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கல்லூரி பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய்விட்டது. எங்கள் பெயர் வழக்கில் இல்லையே என்று பல்கலைக்கழகம் தப்ப முடியாது, தீர்ப்பு அதையும் கட்டுப்படுத்தும் என்று 2001-இல் சுப்ரீம் கோர்ட் கூறியது. பழைய பெயரிலேயே வழக்கு நடக்கலாமாம்! வாங்கியவனுக்கு ஒரு நீதி, வாரிசுக்கு ஒரு நீதியா என்று கேட்கத் தோன்றுகிறது. விற்பனையை விலை கொடுத்தவன் அறிவான், விசாரித்து வாங்குவது அவன் பொறுப்பு என்று விடை சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் தகப்பனார் இறந்ததை மகன் அறியமாட்டானா? அறியாதவன் எதிரியல்லவா?

1976-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைக் கொஞ்சம் உணர்ந்தது. தன் கட்சிக்காரர் இறந்ததை அறிந்த வக்கீல் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நீதிமன்றம் மறுதரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 10ஏ விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் எத்தனை நாட்களுக்குள் தெரிவிப்பது, தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அதில் ஒரு சொல் இல்லை. 90 நாள் கணக்கும் பழையபடி சாவு நாளிலிருந்தே ஓடுகிறது.

அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றங்களிலும் 90 நாள்தான். முன்பு அங்கே சாவிலிருந்து இரண்டு ஆண்டு என்று இருந்தது. அதைக் குறைத்து, ஆனால் சாவு பதிவில் தெரிவிக்கப்பட்டு மறுதரப்புக்கு அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து எண்ணும்படி மாற்றினார்கள். எந்த ஆண்டில் தெரியுமா? நாம் காலவரம்புச் சட்டத்தைப் புதிதாக இயற்றிய அதே 1963-இல்! எண் ஒன்றுதான், எண்ணத் தொடங்கும் நாள்தான் வேறு. அந்த ஒன்றைத்தான் நாமும் மாற்ற வேண்டும் என்கிறேன்.

நீதிபதிகள் இரக்கம் காட்டுகிறார்களே என்பீர்கள். காட்டுகிறார்கள். மேல்முறையீடு உயர்நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் தூங்கும்போது, எதிரி உயிரோடிருக்கிறாரா என்று அடிக்கடி விசாரித்துக்கொண்டிருப்பது மேல்முறையீட்டாளர் வேலையன்று என்று 2008-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகவே சொன்னது. ஆயினும் அந்த இரக்கத்தைப் பெற மனுவும் பிரமாணப் பத்திரமும் எதிர்மனுவும் விசாரணையும் வேண்டும். தோற்றவர் மேலே போவார். நிலம் அப்படியே கிடக்கும். வக்கீல் பீஸ் மட்டும் வளரும். இரக்கம் நீதிபதிக்கு நீதிபதி வேறுபடும்.

வாதி இறந்தாலும் இதே கெடுதான். அப்போது ஓட வேண்டியவர்கள் பிள்ளைகள். ஊரைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி விடுதியில் படிக்கும் நமக்கு, தகப்பனார் பெயரில் என்ன வழக்கு, எந்த முன்சீப் கோர்ட்டு, யார் வக்கீல் என்பது தெரியுமா? காரியங்கள் முடிந்து, பரீட்சை எழுதி, ஊருக்குத் திரும்புவதற்குள் 90 நாள் போய்விடும். இந்த விடுமுறைக்குப் போகும்போது தயங்காமல் அப்பாவிடம் கேட்டு, வழக்கு எண்ணையும் வக்கீல் முகவரியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அப்பா கோபித்துக்கொண்டால் அம்மாவிடம் கேளுங்கள். பெரும்பாலும் கேஸ் கட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.